வீட்டில் காப்பி வறுக்க எந்த மெஷின்?

(பண்ணை ஒலிபரப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காப்பித் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் களம் நிறையக் கொட்டை காய்கிறது. திண்ணையில் நாலு மூட்டை அடுக்கியிருக்கிறது. உட்காரச் சொல்லி, "ஒரு வாய் காப்பி சாப்பிடுங்க" என்று டம்ளரை நீட்டுகிறார்கள். அந்தக் காப்பி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், டவுன் கடையில் வாங்கின பொட்டலம்! அதிலும் பாதிக்குப் பாதி சிக்கரி இருக்கும். நூற்றுக்கு 49 பங்கு வரைக்கும் சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. பொட்டலத்தில் பொடி எழுத்தில் போட்டும் இருக்கும், நாமதான் படிப்பதில்லை.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எனக்குச் சின்னத் தோட்டம் ஒன்று உண்டு. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகு, ஊடே வாழை, கீழே அரபிக்கா காப்பி. எங்கள் வீட்டுச் சங்கதியும் வெகுகாலம் இதேதான். காய்த்ததெல்லாம் வத்தலக்குண்டுக்குப் போகும். குடிக்கிறது வத்தலக்குண்டிலிருந்து வரும். நம்ம கொட்டை என்ன ருசி என்று என் அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. 1942-ஆம் வருஷத்துக் காப்பிச் சட்டத்தின்படி, வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மிச்சத்தை காப்பி போர்டு பூலுக்குக் கொடுத்துவிடணும். எல்லார் கொட்டையும் ஒன்றாகச் சேரும். அந்த முறை 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் அடியோடு போயிற்று. இப்போது வியாபாரி உங்கள் கொட்டையைத் தனியாக எடைபோட்டு, தனியாக முகர்ந்து, தனியாக விலை சொல்கிறார். அவர் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற சங்கதி நமக்குத் தெரியாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

இதனால்தான் இன்றைக்கு வறுக்கிற மெஷினைப் பற்றிப் பேச வந்தேன். எந்த மெஷின் வாங்கலாம், முதல் தடவை எப்படி வறுப்பது என்று எங்கள் பக்கத்தில் பல பேர் கேட்கிறார்கள். சரியான மெஷின் எது என்று சொல்வதற்கு முன்னால், நான் வாங்கின தப்பான மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

என் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வருகிறவர்களுக்கு நம்ம தோட்டத்துக் காப்பியே கொடுத்துவிடுவோம் என்று எனக்கு ஒரு வீறாப்பு. பழைய சாமான் விற்கிற இடத்தில் கையால் சுற்றுகிற உருளை ஒன்று கிடைத்தது. ஒரே தடவையில் இரண்டு கிலோ வறுக்கலாம் என்றார்கள். பெரிசாக இருக்கிறதே, லாபம்தானே என்று தூக்கி வந்தேன். அதில் கொட்டையைப் பார்க்க ஒரு துவாரம் கிடையாது. கதவு ஒன்றுதான், அதுவும் போல்ட் போட்டு முடுக்கியது. வாய் வரைக்கும் கொட்டையை நிரப்பி, கரியைக் கொட்டி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றிச் சுற்றினோம். வாசனை தெரு முழுக்க வந்தது. சரி, இறக்கலாம் என்று நெருப்பிலிருந்து தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஸ்பானர் தேடினால் ஸ்பானரைக் காணோம். அதைக் கண்டுபிடித்து, சூட்டில் இறுகிப்போன போல்டைக் கழற்றுவதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. உள்ளே இருந்தது கரி. அடுப்பில் போட்ட கரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நெருப்பை விட்டு இறக்கின பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டு போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேலாகக் கொஞ்சம் தேறினதை அரைத்துக் காப்பி போட்டோம். வந்தவர்கள் மரியாதைப்பட்டவர்கள், குடித்தார்கள். என் மாமனார் மட்டும் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாப்ளே, மருந்து நல்லா இறங்குது" என்றார். அந்த உருளை இப்போது கோழி அடைக்க உதவுகிறது.

ஆகையால் மெஷின் வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது மூன்றே சங்கதிதான். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியணும், அல்லது சுலபமாக ஒரு கரண்டி எடுத்துப் பார்க்க வழி வேணும். கொட்டை வெடிக்கிற சத்தம் காதுக்குக் கேட்கணும். "போதும்" என்று தோன்றினால் அரை நிமிஷத்துக்குள் மொத்தக் கொட்டையும் வெளியே வந்துவிடணும். இந்த மூன்றும் இருந்தால் விலை குறைந்த மெஷினும் நல்ல மெஷின்தான். இவை இல்லையென்றால் எத்தனை பொத்தான் இருந்தும் பிரயோசனம் இல்லை.

கொள்ளளவு எவ்வளவு வேணும்? நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 210 கிராம். பச்சைக் கொட்டை 250 கிராம் வறுத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் கிடைக்கும்; மிச்சம் ஈரமாகவும் புகையாகவும் போய்விடும். வாரம் ஒரு தடவை கால் கிலோ வறுத்தால் போதும். வறுத்த கொட்டை இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடுவது நல்லது. ஆகவே பெரிய மெஷினுக்கு ஆசைப்படாதீர்கள். தவிர, கால் கிலோ கருகினால் மனசு தாங்கும்.

இனி மெஷின் வகைகள். ஒன்றும் வாங்காமலே, இருக்கிற இரும்பு வாணலியில் ஆரம்பிக்கலாம். அடி கனமாக இருக்கணும். நான்-ஸ்டிக் பூச்சு உள்ளது கூடவே கூடாது. காப்பி வறுக்கிற சூட்டுக்கு அது ஏற்றதில்லை. வாணலியில் நூறு கிராம் போட்டு, மரக்கரண்டியால் கை ஓயாமல் கிளறணும். ஒரு பக்கம் கருத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் திட்டுத்திட்டாக வரும். அது வாணலியின் சுபாவம். ஆனாலும் முதல் நாலைந்து தடவை வாணலியில் வறுத்துவிட்டு அப்புறம் மெஷின் வாங்குங்கள் என்பேன். நிறம் மாறுவதும் மணம் மாறுவதும் வாணலியில் தெரிகிற மாதிரி வேறு எதிலும் தெரியாது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்தது கையால் சுற்றுகிற உருளை. கரி அடுப்பிலோ காஸ் அடுப்பிலோ வைத்துச் சுற்றுவது. மலையில் இருக்கிற நமக்கு இதுதான் தோது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. வாங்கும்போது கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். சுவரோடு இரண்டு மூன்று தகடுகள் நீளவாக்கில் பற்றவைத்திருக்கணும். அந்தத் தகடுதான் கொட்டையை வாரி மேலே எறியும். அது இல்லாத உருளையில் கொட்டை அடியிலேயே சறுக்கிக் கிடந்து ஒரு பக்கம் தீய்ந்துபோகும். கரி நெருப்புக்குத் துளை போட்ட உருளை வேண்டாம். கொட்டையின் தோல் துளை வழியாகக் கங்கில் விழுந்து குப்பென்று எரியும், காப்பியில் புகை வாடை ஏறும். மூடின தகடுதான் நல்லது. தகடு கறுப்பு இரும்பாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். பக்கெட் செய்கிற மாதிரி துத்தநாகப் பூச்சுள்ள தகரம் என்றால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். நேர் நெருப்பில் அந்தப் பூச்சு தாங்காது, உரியும். கதவு தாழ்ப்பாள் வைத்து இழுக்கிற மாதிரி இருக்கணும். போல்ட் வைத்த கதவின் கதையைத்தான் மேலே சொன்னேனே!

உள்ளூர்ப் பட்டறையில் இதைச் செய்துகொள்ளலாம். நான் இப்போது வைத்திருப்பது அப்படிச் செய்ததுதான். நீளம் ஒரு அடி, குறுக்கு எட்டு அங்குலம். இதில் கால் கிலோ போட்டால் பெரும்பகுதி காலியாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். வறுபடும்போது கொட்டை ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேலே ஊதும், புரள இடமும் வேணும். எந்த உருளையானாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே நிரப்பாதீர்கள். புது உருளையில் மெஷின் எண்ணெய் ஒட்டியிருக்கும். பொறுக்கிக் கழித்த கறுப்புக் கொட்டையைப் போட்டு இரண்டு தடவை நன்றாகக் கருக விட்டு, கொட்டி எறிந்துவிட்டு, அப்புறம் நல்ல கொட்டையைப் போடுங்கள்.

கரண்ட் மெஷின்களில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, கீழிருந்து சூட்டுக் காற்றை ஊதிக் கொட்டையைப் பறக்கவிட்டு வறுப்பது. சோளப்பொரி மெஷினும் இந்த ஜாதிதான். பலர் அதிலேயே 80, 100 கிராம் வறுத்துப் பழகுகிறார்கள். அதில் காற்று பக்கவாட்டு வெட்டுகள் வழியாக வருகிற மாதிரி இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அடியில் வலை வைத்த தினுசில் தோல் உள்ளே இறங்கிச் சூட்டுக் கம்பியில் பற்றிக்கொள்ளும். காற்று மெஷின் வேகமானது. ஆறேழு நிமிஷத்தில் வறுத்துவிடும். காப்பி மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் கொஞ்சம் புளிப்பு எட்டிப் பார்க்கும். பால் ஊற்றிக் குடிக்கிற நமக்கு, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நிதானமாக வறுத்ததுதான் நாக்குக்கு ஒத்துப்போகிறது. இது என் நாக்கின் அபிப்பிராயம்.

இன்னொன்று கரண்டில் சுற்றுகிற உருளை. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை வறுக்கும். விலை பத்தாயிரக் கணக்கில் போகும். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கொட்டை வெளியே வந்து ஆறுமா, உருளைக்குள்ளேயே ஆறுமா?" உள்ளேயே ஆறுகிறது என்றால், நீங்கள் நினைத்த பதத்துக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே நிறுத்தப் பழகணும். கம்பெனிப் பெயரெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது ரேடியோவில் வழக்கமும் இல்லை.

கரண்ட் விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மெஷின்கள் 1,200 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். சாதாரண பிளக்கில் செருகினால் பிளக் உருகும். கிரைண்டருக்கு, ஹீட்டருக்குப் போடுகிற பெரிய பவர் பிளக் வேணும். அடுத்தது வோல்டேஜ். சாயங்காலம் ஊரே விளக்குப் போடுகிற நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 தான் வருகிறது என்று வையுங்கள். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும்! கொட்டை வறுபடாது, அவிந்துபோகும். காப்பி வைக்கோல் கஷாயம் மாதிரி இருக்கும். மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பேன். பிரிட்ஜுக்கு வைக்கிற சின்ன ஸ்டெபிலைசர் இந்தப் பளுவைத் தாங்காது. காலையில் பத்து மணிக்கு மேலே, வோல்டேஜ் நன்றாக இருக்கிறபோது வறுத்துக்கொள்வதுதான் சுலபமான வைத்தியம். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருகிற மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இங்கே செருகினால் அதோடு முடிந்தது.

மெஷின் வந்தாயிற்று. இனி கொட்டை. பார்ச்மெண்ட்டாக இருந்தால் உமியை நீக்கணும். கால் கிலோவுக்கு மில்லுக்கு ஓட வேண்டாம். மர உரலில் போட்டு, உலக்கையை ஓங்கிக் குத்தாமல் லேசாகத் தட்டி, முறத்தில் புடைத்தால் வந்துவிடும். ஈரம் நூற்றுக்கு 10, 11 பங்குக்குள் இருக்கணும். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்' என்று சொல்லணும். கறுப்பு, உடைசல், காய்த்துளைப்பான் ஓட்டை போட்டது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பீபெரி கிடைத்தால் தனியாக வையுங்கள். அது உருண்டையாக இருப்பதால் உருளையில் நன்றாகப் புரண்டு ஒரே சீராக வறுபடும். பழகுகிறவர்களுக்கு அதுதான் லேசு.

வறுக்கிற இடம் காற்றோட்டமாக இருக்கணும். மலைக் குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை மூட்டாதீர்கள். கரி எரிகிற அறையில் கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத விஷ வாயு சேரும். உட்கார்ந்த இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். திண்ணையில் வையுங்கள், தாழ்வாரத்தில் வையுங்கள், உள்ளறையில் வேண்டாம்.

கரி நன்றாகப் பற்றிச் சாம்பல் பூத்த பிறகு, காலி உருளையை ஏற்றி ஐந்து நிமிஷம் சூடாக்குங்கள். கொட்டையைப் போடுங்கள். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடிக்கு ஒரு சுற்று என்கிற கணக்கில், அதற்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம், நிதானமாகச் சுற்றுங்கள். ரொம்ப வேகமாகச் சுற்றினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், புரளாது.

முதல் நாலைந்து நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்போது ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. பச்சை வெளுத்து மஞ்சளாகும். காய்ந்த புல்லின் வாசனை வரும். பொறுமை இழந்து கரியைக் கூட்டாதீர்கள். அப்புறம் நிறம் வெளிர்ப் பழுப்பாகும். புல் வாசனை போய் ரொட்டி சுடுகிற வாசனை வரும், எங்கள் வீட்டில் அரிசி வறுக்கிற வாசனை என்பார்கள். தோல் சருகு சருகாக உரியத் தொடங்கும். எட்டு ஒன்பது நிமிஷத்துக்கு மேலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ரேடியோவை நிறுத்திவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். 'பட், பட்' என்று சுள்ளி ஒடிகிற மாதிரி ஒன்றிரண்டு சத்தம் வரும். பிறகு சோளம் பொரிகிற மாதிரி சேர்ந்து வெடிக்கும். இதுதான் முதல் வெடி. கொட்டையின் சூடு அப்போது ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேட். உள்ளே அடைபட்ட ஆவி கொட்டையைப் பிளந்துகொண்டு வருகிறது. ரொபஸ்டாவில் இந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கியே கேட்கும்.

முதல் வெடி தொடங்கியதும் நெருப்பைக் குறைத்துவிடணும். கரியானால் உருளையை ஒரு சாண் உயர்த்துங்கள். இதற்கு மேலே ஒவ்வொரு பத்து விநாடியும் கணக்கு. வெடி ஓய்ந்த கையோடு இறக்கினால் இளம் வறுவல். காப்பி மணம் அதிகம், புளிப்பும் கொஞ்சம் உண்டு. இன்னும் ஒன்றரை, இரண்டு நிமிஷம் விட்டால், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி மெல்லிய 'சடசட' கேட்கும். அது இரண்டாம் வெடி. அந்தச் சத்தம் நாலைந்து கேட்டவுடன் இறக்குவதுதான் பில்டர் காப்பிக்கு ஏற்ற பதம். அதையும் தாண்டினால் கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து பளபளக்கும், நீலப் புகை வரும், கசப்பைத் தவிர வேறு ருசி இருக்காது. கடைகளில் பளபளக்கிற கொட்டையைப் பார்த்து அதுதான் உசத்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் உங்கள் தோட்டமும் தெரியாது, அடுத்தவர் தோட்டமும் தெரியாது. எல்லாம் ஒரே கசப்பு.

இறக்கினவுடன் முறத்தில் கொட்டுங்கள். இரண்டு முறம் இருந்தால் இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டணும். நல்ல காற்றில் நின்று புடைத்தால் தோலும் பறந்துவிடும், சூடும் இறங்கிவிடும். நாலு நிமிஷத்துக்குள் கையில் அள்ளுகிற சூட்டுக்கு வந்தாகணும். ஒரு டேபிள் பேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்த வேலைக்கு நம்ம பெண்பிள்ளைகளின் முறத்தைவிடச் சிறந்த கருவியை நான் எந்த மெஷினிலும் பார்க்கவில்லை.

உருளைக்குள் தப்பித் தவறித் தீப்பிடித்தால் பதற்றத்தில் கதவைத் திறக்காதீர்கள்; காற்றுப் பட்டால் கொழுந்துவிடும். மூடியபடியே நெருப்பை விட்டு அகற்றி வெளியே வைத்துவிடுங்கள். கரண்ட் மெஷினானால் முதலில் சுவிட்சை அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒவ்வொரு தடவையும் தோல் சேருகிற தட்டைத் துடைத்து வைத்தால் இந்த நிலைமை வராது. எப்படியானாலும் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். வறுத்து முடியும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், போன் அடிக்கிறது என்று எழுந்து போனவர்கள்தான் கரி அள்ளியிருக்கிறார்கள்.

ஆறின கொட்டையை எடை போட்டுப் பாருங்கள். கால் கிலோ பச்சைக் கொட்டை 210 கிராம் சுமாருக்கு வந்தால் நடுத்தர வறுவல். 200-க்குக் கீழே இறங்கினால் அதிகமாகப் போய்விட்டீர்கள். கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. தேதி, நிமிஷம், எடை மூன்றையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். அன்றைக்கே அரைக்க வேண்டாம். புதிதாய் வறுத்த கொட்டையிலிருந்து ஒரு நாள் முழுக்க வாயு வெளியேறும். மூடியை இறுக்காமல் ஒரு ராத்திரி வைத்திருந்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தூளாக்கிவிட்டால் மணம் சில நாளில் ஓடிவிடும். அன்றன்றைக்கு வேண்டியதைக் கை மில்லில் அரைப்பதுதான் உத்தமம்.

இப்போது இரண்டாவது உருளை எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்று சொல்லணும்.

வறுக்கப் பழகின வருஷம், தை மாசத்துக் கொட்டையை வறுத்தேன், அருமையாக இருந்தது. கார்த்திகையில் எடுத்த முதல் பறிப்பை வறுத்தேன். அதே உருளை, அதே நிமிஷம். அரைக்கும்போதே அழுகின வெங்காயம் மாதிரி ஒரு நாற்றம். மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். கழுவி மறுபடி வறுத்தேன்; மறுபடி நாற்றம். எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வருஷமாக வியாபாரி, "உங்க முதல் லாட்ல வாடை இருக்குங்க" என்று சொல்லி விலையில் பிடித்துக்கொண்டிருந்தார். விலை குறைக்கிற தந்திரம் என்று அவரோடு நான் போடாத சண்டை இல்லை. ஒரு தடவை பேச்சு தடித்து, வாசலில் வைத்து அவரைக் கேட்கக்கூடாத வார்த்தையும் கேட்டுவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். கொட்டையை முகர்ந்தார். "தம்பி, பல்பரைக் கழற்றிப் பார்த்தியா?" என்றார். கழற்றினோம். உள்ளே சிலிண்டருக்கும் தட்டுக்கும் இடையில், வாய்க்கால் மூலையில், ஒரு கைப்பிடிக் கொட்டை சிக்கி ஊறிக் கிடந்தது. நேற்றையதா, முந்தாநாளையதா, தெரியாது. தினமும் தண்ணீர் விட்டு அலசினதோடு சரி, கழற்றிக் கழுவினதில்லை. தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊற வேண்டிய கொட்டையோடு, நாலு நாள் ஊறி அழுகினது தினம் பத்துப் பத்தாகக் கலந்து போயிருக்கிறது. பச்சையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. நல்ல கொட்டை மாதிரிதான் இருக்கும். வறுத்து உடைத்தால்தான் தன் குணத்தைக் காட்டும். ஒரு கொட்டை போதும், ஒரு பில்டர் டிகாஷனைக் கெடுக்க.

இன்னொன்றும் பார்த்தேன். வறுத்ததைத் தட்டில் பரப்பினால் ஊடே ஊடே சில கொட்டைகள் நிறம் ஏறாமல் வெளிறிப்போய், கடலைப் பருப்பு நிறத்தில் நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. எத்தனை வறுத்தாலும் கறுக்காது; வாயில் போட்டால் நிலக்கடலைத் தோல் மாதிரி இருக்கும். நூறு கொட்டை எண்ணி அதில் வெளிறியது எத்தனை என்று பாருங்கள். என் கார்த்திகைப் பறிப்பில் பதினொன்று, தைப் பறிப்பில் இரண்டு. கார்த்திகையில் கூலிக் கணக்குக்குப் பயந்து, ஒரே தடவையில் உருவச் சொன்னது நான்தான். பறித்தவர்கள் மேல் பழி போட இடமில்லை.

மறு வருஷம் பல்பரை ராத்திரிதோறும் கழற்றிக் கழுவினோம். முதல் பறிப்பை இரண்டாகப் பிரித்துச் சிவப்புப் பழம் மட்டும் எடுத்தோம். கூலி கூடத்தான் ஆயிற்று. கொண்டுபோய் இறக்கினபோது வியாபாரி கையில் அள்ளி முகர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை, எடை போட்டார். பிடித்தம் போடவில்லை. நான் அவரிடம் பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க, அடுத்த லோடு எப்ப?" என்றார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு பறிப்பிலும் கால் கிலோ மட்டும் தனியாக எடுத்து, துணிப்பையில் போட்டு, தேதியும் தோட்டத்தில் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக் கட்டி வையுங்கள். காய்ந்ததும் ஒரே பதத்தில், ஒரே நிமிஷக் கணக்கில் வறுத்து, பால் சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பதம் ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் கொட்டையுடையது என்று தெரியும். கருக விட்டால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும். விலை பேசப் போகிறதற்கு முன்னால் இதைச் செய்யணும். சந்தேகம் வந்தால் தாண்டிக்குடியில் காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏற்காட்டுப் பக்கத்தவர்களுக்குத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தத் துணிப்பையோடு போய்க் கேட்கலாம்.

வறுத்த தூளைப் பொட்டலம் போட்டு விற்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். விற்கலாம். ஆனால் அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளணும். பொட்டலத்தில் எடை, தேதி, சிக்கரி கலந்தால் எவ்வளவு என்பதெல்லாம் போடணும். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இன்னொரு நாள் பார்க்கலாம். இப்போதைக்கு ஒரு முறம், ஒரு தராசு, கால் கிலோ கொட்டை, ஒரு இரும்பு வாணலி. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்துவிடுங்கள்.